தண்ணீர் குடித்த மேடு

நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு அது. அதன் மேல் நல்ல மண்ணைப் பரப்பி, புல்லும் கன்றும் நட்டு, மறுபடியும் நிலமாக்கிக்கொண்டிருந்தார்கள். கன்றுகளைப் பார்த்துக்கொள்வது மாமனார். தண்ணீர் லாரி ஓட்டுவது அவர் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. ஒரே வீட்டில்தான் சாப்பாடு. ஆனால் உப்பு கேட்பதென்றாலும் நடுவில் மகள் வேண்டும். மேட்டு ஆட்கள் மாமனாருக்கு வைத்த பெயர் சிஐடி. பெற்ற தாயே வந்து சொன்னாலும் முகர்ந்து பார்த்துத்தான் நம்புவார்.

மேட்டின் நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்து கிடந்தது. சுற்றிலும் புல் முழங்கால் உயரம் நிற்க, இங்கே கன்றுகள் அடியிலிருந்து கருகியிருந்தன.

"மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம் வழி தெரியாதோ?" என்றார் மாமனார்.

"நேத்துகூட ஒரு லோடு ஊத்தினேன் மாமா."

"ஊத்தினீங்க, ஊத்தினீங்க. யார் வீட்டுத் தொட்டியிலன்னுதான் தெரியல."

மரியாதையாகத் திட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. "கண்ணு முன்னாடியே ஊத்துறேன், நல்லாப் பாருங்க" என்றான். கீழ்ப்பாதையில் நின்று குழாயை நீட்டுவதுதான் வழக்கம். இன்று வீம்புக்கு லாரியை நேரே திட்டின் மேலேயே ஏற்றி நிறுத்தினான். பின்னால் வால்வைத் திறந்துவிட்டு, திரும்ப ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டான்.

தண்ணீர் ஒரு பக்கமும் ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே காணாமல் போனது. மாமனார் கிட்டே போய்க் குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடுப்புச் சூடு. விரிசலிலிருந்து ஆவி எழுந்தது, கந்தக நெடியோடு.

கழிவோடு கிடந்த நிலக்கரி அடியில் தீப்பிடித்திருந்தது. எத்தனை மாதமாகத் தின்கிறதோ! மேலே இருப்பது வெறும் தோல். அந்தத் தோலின் மேல் ஒரு லாரித் தண்ணீர், அந்த லாரிக்குள் மகளின் புருஷன்.

மெல்லப் பின்வாங்கிப் புல்லுக்கு வந்தார். "மாப்பிள்ளை, எறங்குங்க."

"மாட்டேன். பாதியில விட்டுட்டு ஓடிட்டான்னு நீங்க வீட்டுல போய்ச் சொல்றதுக்கா?"

"அடியில தீ!"

"அதையும் நான்தான் வச்சேனா?"

தன் பேச்சை ஒருவன் நம்பவில்லை என்றால் என்ன செய்வதென்று மாமனாருக்குத் தெரியாது. வண்டியை இன்னும் உள்ளே ஏற்ற மாப்பிள்ளை சாவியைத் திருப்பினான். லாரி குலுங்கியது. பின்சக்கரம் ஒரு சாண் இறங்கியது.

"அணைச்சிடு! எறங்குடா!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து வாங்க, போங்க தவிர வேறு வார்த்தை கேட்காதவன் அவன். அந்த 'டா'வில்தான் எட்டிப் பார்த்தான். சக்கரத்தைச் சுற்றிப் புகை.

"மாமா..."

"பச்சையில மட்டும் கால் வை. வேர் உயிரோட இருந்தா அடியில தீ வரல."

கதவிலிருந்து பச்சை வரை மூன்று எட்டுத் தூரம் கருகிய மண். மாமனார் கன்றுக்கு முட்டுக் கொடுத்த கம்பைப் பிடுங்கினார். புல்லில் குப்புறப் படுத்து நீட்டினார்.

"விட்டுட மாட்டீங்களே?"

"விட்டா உன் பொண்டாட்டி எனக்குச் சோறு போடுவாளா? பிடிடா!"

பிடித்தான். இரண்டாம் எட்டில் கால் முழங்கால் வரை உள்ளே போனது. அலறினான். மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். செருப்பு உள்ளே தங்கியது. ஆள் வந்து புல்லில் விழுந்தான். இருவரும் பச்சையிலேயே உருண்டும் தவழ்ந்தும் கீழ்ப்பாதைக்கு வந்தார்கள். பின்னால் லாரி மூக்கைத் தூக்கியது, சாய்ந்தது, பாதிக்குமேல் உள்ளே போனது. மேடே சீறியது. வெந்நீர்ச் சேறு தெறித்து அவர்கள் முதுகில் விழுந்தது.

"முழு லோடும் ஊத்தியாச்சு மாமா" என்றான் மாப்பிள்ளை. "இப்போ நம்புறீங்களா?"

"காலைக் காட்டு" என்றார் மாமனார்.

"ஒண்ணுமில்ல மாமா."

"நீ சொன்னா நான் நம்பணுமா? காட்டுடா."