குண்டடத்து ரிசீவர்

திருப்பூர் அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் ரிப்பீட்டர் ஒரு பனியன் கம்பெனியின் ஐந்தாவது மாடியில் இருந்தது. கையடக்க ரேடியோவில் யாராவது பேசினால் அதை வாங்கிப் பல மடங்கு பலத்தோடு திருப்பி அனுப்புவது அதன் வேலை. அவிநாசிப் பக்கம் எங்கே நின்று பேசினாலும் எடுத்துக்கொள்ளும். தெற்கே அவிநாசிபாளையம் தாண்டிக் குண்டடம் போய்விட்டால் கதை வேறு. ரிப்பீட்டர் சொல்வது அங்கே கணீரென்று கேட்கும். அங்கிருந்து பேசுவது ரிப்பீட்டருக்குக் கேட்காது.

பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற கூட்டத்துக்கு உதவியாகச் சங்கத்துக்காரர்கள் வழிநெடுக ரேடியோவோடு நிற்பார்கள். போன வருஷம் குண்டடத்துக்கு முன்னால் ஒரு காவடிக்காரர் வெயிலில் சுருண்டு விழுந்துவிட்டார். கூட்ட நெரிசலில் ஒரு செல்போனிலும் லைன் கிடைக்கவில்லை. அங்கே நின்ற குமாரவேல் கால் மணி நேரம் ரேடியோவில் கத்தினான். திருப்பூரில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தோணிராஜுக்கு ஒரு கரகரப்புகூட வரவில்லை. அந்த மனிதர் ரோட்டோரத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

அந்தோணிராஜ் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. நிட்டிங் கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீஷியன். சங்கத்தில் கம்பி, குழாய், பேட்டரி என்று எதுவானாலும் அவன்தான். "குண்டடம் பக்கம் ஒரு ரிசீவரை வச்சிருவோம். அங்கன பேசுறத அது கேட்டு, தனி லிங்க் வழியா திருப்பூருக்குத் தள்ளிவிடும். வேற வழி இல்லை" என்று கூட்டத்தில் சொன்னவனும் அவனே. எல்லாரும் கைதட்டினார்கள்.

இடம் அமைவது லேசாக இல்லை. ரிசீவருக்கு உயரமும் வேண்டும், அமைதியும் வேண்டும். விசைத்தறி ஓடுகிற இடத்திலும் சோலார் இன்வெர்ட்டர் இருக்கிற இடத்திலும் ரேடியோவைத் திறந்தாலே இரைச்சல் கொட்டியது. ஆறு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் அலைந்த பிறகுதான் அப்புசாமியின் தோட்டம் கிடைத்தது. மேட்டு நிலம், நடுவில் கிணறு, பக்கத்தில் காங்கிரீட் தண்ணீர்த் தொட்டி, அதன் அடியில் மோட்டார் ரூம். ரேடியோவைத் திறந்தால் பேச்சு மூச்சில்லை.

அப்புசாமிக்கு அறுபது வயது இருக்கும். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் விசாரித்தார்.

"எருமை ரெண்டு நிக்குதுங்க. சத்தத்துக்கு மெரளாதுங்களே?"

"சத்தமே வராதுண்ணே. அது கேக்க மட்டுந்தான் செய்யும்."

"அப்படின்னா தாராளமா வெச்சுக்குங்க தம்பி. எங்கூட்ல நான் பேசறதக் கேக்கறதுக்கும் ஒரு ஆளாச்சு" என்று மனைவி தெய்வாத்தாளைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மாள், "இவுங்களுக்கு எப்பவும் வெளையாட்டுதான். மொதல்ல சோறு உண்டுட்டு வேலையப் பாருங்க" என்று உள்ளே போனாள்.

வேலை நான்கு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தொட்டிக்கு மேலே நாற்பதடி இரும்புக் குழாயை நிறுத்தி நாலு பக்கமும் இழுவைக் கம்பி கட்டினார்கள். உச்சியில் ஆன்டெனா. அங்கிருந்து கேபிளை இறக்கி, சுவரில் துளை போட்டு மோட்டார் ரூமுக்குள் கொண்டுவந்தார்கள். ரிசீவர், லிங்க் ரேடியோ, பேட்டரி எல்லாம் ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடங்கின. பெட்டியை மாட்ட வேறு சுவர் இல்லை. மோட்டார் ஸ்டார்ட்டருக்கு ஒரு முழம் தள்ளி மாட்டினார்கள்.

எர்த் மட்டும் பாக்கி. எட்டடிக் குழி எடுத்து, கரியும் உப்பும் கொட்டி, செம்புக் கம்பியை இறக்கி, குழாயை அதோடு இணைக்க வேண்டும். இடி விழுந்தால் மண்ணுக்குள் போக அதுதான் வழி. இரண்டடி தோண்டியதும் பாறை. கடப்பாரை தெறித்துக் கைதான் காய்த்தது. துளை போடுகிற மெஷின் கொண்டுவந்தால்தான் ஆகும். உத்திரத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"இத மொதல்ல ஓட்டிப் பாத்தறலாங்க. குழி எங்க போயறப் போவுது?" என்றான் குமாரவேல்.

அந்தோணிராஜுக்கு அது சரியில்லை என்று தெரியும். கம்பெனியில் எர்த் இல்லாமல் ஒரு மெஷினுக்குக்கூட அவன் லைன் கொடுத்ததில்லை. இருந்தும் போன வருஷம் செத்துப்போன காவடிக்காரரின் ஞாபகம் முன்னால் வந்து நின்றது. வானத்தைப் பார்த்தான். ஒரு பொட்டு மேகம் இல்லை. "உத்திரம் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டான்.

உத்திரத்தன்று ரிசீவர் சொன்னபடி கேட்டது. குண்டடம் ரோட்டிலிருந்து பேசிய ஒவ்வொரு பேச்சும் திருப்பூரில் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி வந்தது. வழி தவறிய ஆறு வயசுப் பெண் குழந்தை அரை மணி நேரத்தில் தாயிடம் சேர்ந்தது. மயங்கி விழுந்த இரண்டு பேருக்கு ஆம்புலன்ஸ் போனது. அப்புசாமி நாள் முழுக்க மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து, குமாரவேல் கொடுத்த ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். "இத்தனையும் நம்ம தோட்டத்துல இருந்துங்களா போவுது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

அடுத்த ஞாயிறு கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம், லீவு இல்லை. அதற்கடுத்த ஞாயிறு மெஷின்காரர் வரவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கு ஒரு காரணமும் கிடையாது. காலையில் பூசைக்குப் போய் வந்து, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அந்தோணிராஜ் படுத்துத் தூங்கிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கோடை மழை திரண்டு வந்தது. நாலரைக்குக் குமாரவேல் போனில் கூப்பிட்டான்.

"அப்புசாமி அண்ணன் போயிட்டாருங்க. மோட்டார நிறுத்தப் போனவரு. இடி எறங்கிருச்சு."

அந்தோணிராஜ் போய்ச் சேர்ந்தபோது உடலை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். அவன் நேரே மோட்டார் ரூமுக்கு நடந்தான். கேபிள் வந்த துளையைச் சுற்றிச் சுவர் பெயர்ந்திருந்தது. இரும்புப் பெட்டியின் மூடி பிய்ந்து தொங்கியது. பெட்டியிலிருந்து ஸ்டார்ட்டர் வரைக்கும், சுண்ணாம்பு அடித்த சுவரின் மேல் கரிக்கோடு ஒன்று ஓடியது. இடி எந்த வழியாக வந்தது என்பதைக் குழந்தைகூடப் படித்துவிடும். ஆனால் அங்கே வந்த போலீஸ்காரருக்கும், மின்வாரியத்து ஆளுக்கும், ஊர்க்காரர்களுக்கும் அது வெறும் இடி. "எமன் வானத்துல இருந்து வந்துட்டான்" என்று பேசிக்கொண்டார்கள்.

குமாரவேல் பின்னாலேயே வந்தான். அவனும் சுவரைப் பார்த்தான். "தொட்டி மேல நேரா உழுந்திருந்தாலும் இதேதானுங்க ஆயிருக்கும்" என்றான்.

"அது நமக்குத் தெரியாது குமாரு."

"தெரியாதுங்கறேன். தெரியாத ஒண்ணப் போயி அந்தம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. கையெடுத்துக் கும்புடறனுங்க."

அந்தோணிராஜ் சொல்லாமல் இருந்து பார்த்தான். கம்பெனியில் ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டையும் திறந்து எர்த் கம்பியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். சாமியார் பொறுமையாகக் கேட்டு மன்னிப்பு வழங்கினார். கோயில் படியிறங்கும்போதே அந்த மன்னிப்பு அவனை விட்டுப் போய்விட்டது. செத்தவரின் மனைவிக்குத் தெரியாமல் வேறு யார் மன்னித்து என்ன என்று தோன்றியது. சொல்லிவிட்டால் அவள் திட்டுவாள், மண்ணை வாரி எறிவாள், அதோடு ஏதோ ஒன்று முடியும் என்று நினைத்தான்.

கருமாதி முடிந்து நான்காம் நாள் தனியாகப் போனான். தெய்வாத்தாள் மாட்டுக் கொட்டகையில் எருமைகளுக்குச் சோளத்தட்டு உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க தம்பி. உக்காருங்க. தண்ணி கொண்டாறனுங்க" என்றாள்.

"வேண்டாம்க்கா. ஒண்ணு சொல்லிட்டுப் போயிருதேன்."

நின்றபடியே சொன்னான். குழாய்க்கு எர்த் போடவில்லை என்பதை, போட்டிருக்க வேண்டியதை, பாறை வந்ததை, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை. கடைசி ஞாயிறு தூங்கியதையும் விடவில்லை. அவளுக்குப் புரிகிற மாதிரி, இடி அந்தக் குழாயில் இறங்கிக் கேபிள் வழியாக உள்ளே வந்ததைச் சொன்னான்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். எருமை ஒன்று தீவனத் தொட்டியை முட்டியது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"நாந்தானுங்க போகச் சொன்னேன்" என்றாள். "மழ வருது, மோட்டாரு ஓடிட்டே இருக்குது, போய் நிறுத்துங்கன்னு நாந்தாஞ் சொன்னேன். படுத்திருந்த மனுசன எழுப்பி உட்டேன். இத்தன நாளா அதத்தான் நெனச்சுட்டுக் கெடந்தேன். நேத்துத்தான் எங்கண்ணன் வந்து, அது ஆண்டவன் விட்ட இடி, நீ என்ன பண்ணுவ தெய்வான்னு சொல்லிட்டுப் போனாருங்க. நேத்துத்தான் கொஞ்சம் கண்ணசந்தேன்."

அவள் மோட்டார் ரூம் பக்கம் பார்த்தாள்.

"அந்தக் கம்பியப் போட்டிருந்தா பொழச்சிருப்பாருங்களா?"

"பொழச்சிருக்கலாம்க்கா. உறுதியாச் சொல்ல முடியாது."

"நான் எழுப்பாம இருந்திருந்தாலும் பொழச்சிருப்பாரு."

"அக்கா, உங்க மேல எந்தத் தப்பும்..."

"இத எதுக்குங்க எங்கிட்டச் சொன்னீங்க?" அவள் குரலை உயர்த்தவில்லை. "நாங் கேக்கலீங்களே. ஊருல ஒருத்தரும் கேக்கலீங்களே. உங்க பாரத்தக் கொண்டாந்து எங்கூட்டு வாசல்ல எறக்கிட்டீங்க. நான் இத எங்க கொண்டுபோய் எறக்கறது? இடின்னு நெனச்சேன். இனி ராத்திரியானா உங்க மொகமும் வரும், எங்குரலும் வரும். ரெண்டையும் மாத்தி மாத்தி நெனச்சுட்டு நானொருத்தி படுத்திருக்கோணும்."

அவன் அவள் காலில் விழப் போனான். அவள் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. அந்தக் கொழாயி, பொட்டி எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க. ஈரோட்ல இருக்கற எம்பட சின்னப் புள்ள நாளைக்கு மறுபடி வருது, இனி அது கண்ணுல இது படக் கூடாது. அதுகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். அப்பறம் இனி இந்தப் பக்கம் வராதீங்க தம்பி."

திட்டவில்லை. கடைசிவரைக்கும் அந்த 'ங்க' போகவில்லை. வசவுக்கென்று தயாராக வந்தவனுக்கு அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள இடம் இருக்கவில்லை.

குழாயை இறக்க மூன்று பேர் வேண்டும். அவன் ஒருவனே இறக்கினான். இழுவைக் கம்பியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கயிறு கட்டித் துண்டு துண்டாகக் கீழே விட்டான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. வாடகைக்கு ஒரு டெம்போ வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டது. புறப்படும்போது வாசலைப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது. கொட்டகையில் எருமைகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. பால் கறக்கும் நேரம் தாண்டியும் யாரும் வெளியே வரவில்லை.

ஆவணியில் குமாரவேல் ஒரு செய்தி கொண்டுவந்தான். தெய்வாத்தாள் எருமைகளைக் கொடுத்துவிட்டு மகளோடு ஈரோட்டுக்குப் போய்விட்டாளாம். தூக்க மாத்திரை இல்லாமல் படுப்பதில்லையாம். தோட்டம் காய்ந்து கிடக்கிறதாம்.

"நாஞ் சொன்னப்பக் கேட்டிருக்கலாமுங்க" என்றான் குமாரவேல். குற்றம் சொல்கிற குரல் இல்லை. களைத்த குரல்.

அந்தோணிராஜ் தலையாட்டினான். எது தப்பு, மூன்று வாரம் தள்ளிப்போட்டதா, போய்ச் சொன்னதா என்று அவனுக்கு இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மெஷின் ஒன்று நின்றுவிட்டதென்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். டெஸ்டரை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.