அண்ணை போட்ட துளை

எங்கள் அண்ணை செல்வத்துரைக்குத் தன் தோட்டம் வாடினால் பொறுத்துக்கொள்ளத் தெரியும். மற்றவன் தோட்டம் வாடினால்தான் தாங்க மாட்டார். என் வெங்காயம் வாடுவதைப் பார்த்துத்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். அதனால் அவரோடு முழுசாகக் கோபிக்கவும் முடியவில்லை. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

இணுவிலில் எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரே கிணறு. ஒரு நாள் அவர் இறைப்பார், மறுநாள் நான். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் மேலே நிற்கும், உப்புத் தண்ணீர் அதற்குக் கீழே கிடக்கும். கிணறு வற்றினால் ஊறவிட்டு ஊறவிட்டு இறைக்க வேண்டுமே தவிர, அடியில் கைவைக்கக் கூடாது. தோட்டம் செய்கிற எல்லாருக்கும் இது தெரியும். அண்ணைக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

போன ஆவணியில் என் மனைவி ஷரோனுக்கு ஒப்பரேஷன். நான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தேன். தோட்டத்தை அண்ணைதான் பார்த்தார். வெங்காயம் காய் பருக்கிற நேரம். மோட்டரைப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் வற்றிக் காற்று இழுத்ததாம். தன் பீற்றூட்டைக் காயவிட்டு, தன் முறைத் தண்ணீரையும் என் பாத்திக்கே விட்டிருக்கிறார். அப்படியும் போதவில்லை. கடைசியில் ஆட்களைக் கூட்டிவந்து கிணற்றின் அடிக்கல்லில் துளை போட்டுவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது கிணறு நிறையத் தண்ணீர். அண்ணைக்கு வாயெல்லாம் பல்.

"இனி உனக்குத் தண்ணிக் கவலை இல்லை, ஜொனதன்."

"அடியிலை துளை போட்டனீங்களோ? என்னண்ணை, உங்களுக்குத் தெரியாததே?"

"கொஞ்சந்தான் இறக்கினது. குடிச்சுப் பார், நல்ல தண்ணி."

அன்றைக்கு நல்ல தண்ணீர்தான். இரண்டு பேரும் ஆசை தீர இறைத்தோம். கொஞ்ச நாளில் வெங்காயத் தாளின் நுனி நெருப்புப் பட்டதுபோல் கருகத் தொடங்கியது. வாயில் விட்டுப் பார்த்தேன், உவர். காயெல்லாம் சூம்பிப்போயிற்று. அண்ணையைக் கண்டபடி ஏசினேன்.

இதில் கொடுமை என்னவென்றால், பீற்றூட் உப்பைத் தாங்கும். அவருடைய காய்ந்த பாத்தி மட்டும் தேறிச் செழித்து நின்றது. மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டுபோனார். அங்கே யாரோ, "தம்பியின்ரை வெங்காயத்தைச் சாக்காட்டிப்போட்டுத் தான் விளைவிச்ச பீற்றூட்" என்று பகிடி விட்டிருக்கிறார்கள். ஒரு கிழங்கு விற்காமல் மூட்டையோடு திரும்பி வந்து, எல்லாவற்றையும் மாட்டுக்குப் போட்டார். என் வெங்காயம் போனதற்குக்கூட எனக்கு அவ்வளவு மனம் நோகவில்லை.

துளையைச் சீமெந்து போட்டு அடைத்தோம். மழையும் குறையில்லாமல் பெய்தது. அதற்குப் பிறகு அண்ணைக்குக் காலையில் முதல் வேலை, வாளியை இறக்கி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்ப்பதுதான். மார்கழியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இண்டைக்கு உப்புக் குறைஞ்சிருக்கு. நீயும் பார்."

குடித்தேன். ஒன்றும் குறையவில்லை. துப்ப வேண்டும்போல் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். விழுங்கினேன்.

"ஓம் அண்ணை, குறைஞ்சுதான் இருக்கு."

"அப்ப உன்ரை விதை வெங்காயத்தை எடுத்துக்கொண்டு வா. நான் பாத்தி கட்டுறன்" என்று மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

செத்த பயிரில் தப்பின காயைப் பொறுக்கி, ஒரே ஒரு பிடி கட்டி அடுப்படியில் தொங்கவிட்டிருந்தேன். எங்கள் வெங்காயத்தில் விதைக்கென்று மிஞ்சியது அவ்வளவுதான். அதை அவிழ்க்கும்போது ஷரோன் கேட்டாள்.

"உந்தத் தண்ணியிலையோ நடப்போறியள்? பட்டுப்போகுமெல்லே?"

"ஓம், பட்டுப்போகும்" என்றேன். கொண்டுபோய் அண்ணையின் கையில் கொடுத்தேன்.