மடிப்பில் வெட்டியது

இஸ்திரி மேசையில் நிற்பவர்களை டாக்டர் வந்து சோதிக்கப்போகிறார் என்று சூப்பர்வைசர் சொன்னதும், வரிசையில் இருந்த எட்டுப் பேரும் திரும்பி ஒருத்தியைத்தான் பார்த்தார்கள். அந்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு வில்லு என்று பெயர். பத்து வயதில் வளைய ஆரம்பித்த முதுகெலும்பு, இருபத்தாறு வயதில் வலது தோளை மேலே தூக்கி, இடது இடுப்பை வெளியே தள்ளிவிட்டிருந்தது. எட்டு மணி நேரம் நேராக நிற்க முடியாதவர்களை இனி வைத்துக்கொள்ள மாட்டார்கள். சோதனைக்கு மூன்று வாரம் இருந்தது.

அண்ணன் செத்த பிறகு வீட்டில் அவளும், அண்ணியும், அண்ணியின் இரண்டு பிள்ளைகளும்தான். அண்ணி அதே தொழிற்சாலையில் காலர் தைப்பவள். ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் நாலு வயிறும் அரை வயிறாகிவிடும். 

ஆஸ்பத்திரியில் முதுகு பெல்ட்டுக்கு அளவெடுக்கவே எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். "நாமளே தைச்சுக்கலாம் அண்ணி" என்றாள் வில்லு. அண்ணி ஊசியில் நூல் கோத்தபடி, "எதைப் பாத்து?" என்று மட்டும் கேட்டாள்.

பழைய பேப்பர் கடையில் மூட்டை மூட்டையாகத் தையல் புத்தகங்கள் கிடந்தன. மூன்று சாயங்காலம் தும்மிக்கொண்டே கிளறினாள். மூன்றாம் நாள் ஒரு புத்தகத்தின் நடுவில் எட்டாக மடித்த பெரிய தாள் அகப்பட்டது. உடுக்கை போல இடுப்பு சிறுத்த ஒரு பெண்ணின் படம். அவள் போட்டிருந்தது கார்செட், விலாவிலிருந்து இடுப்புவரை பட்டை வைத்துத் தைத்து, பின்னால் கயிறு இழுத்துக் கட்டும் வெள்ளைக்கார உள்ளாடை. தாளில் அதை வெட்டுவதற்கான பல அளவுகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. தன் அளவுக்கான கோட்டைச் சிவப்புப் பென்சிலால் பின்தொடர்ந்து பிரித்தெடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

துணிக்கு, லாரி மூடும் கித்தான் தைக்கும் கடையில் வெட்டிப்போட்ட துண்டுகளை வாங்கினாள். விறைப்புக்கு, துணிப் பொதிகளைக் கட்டிவரும் இரும்புப் பட்டைகள். சரக்கு இறக்குபவர்கள் வெட்டி வீசுவதைச் சுருட்டிச் சோற்றுப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். வீட்டில் அளவாக நறுக்கி, முனைகளை அரத்தால் உருட்டி, நாடா சுற்றினாள். கயிறு கோக்கும் துளைகளுக்குப் பித்தளைக் கண்கள் வேண்டியிருந்தன. செருப்புத் தைப்பவரிடம் நாற்பது கேட்டாள்.

"நாப்பதா? போடுறவங்களுக்குக் கால் எத்தனைம்மா?" என்றார் அவர். கேட்டுவிட்டு அவள் தோளைப் பார்த்தார். பிறகு நாற்பத்திரண்டாக எண்ணிக் கொடுத்தார்.

தாளில் இருந்தது பாதி உடம்புதான். துணியை இரண்டாக மடித்து, அதன்மேல் வைத்து வெட்டினால் மறுபாதி தானாகக் கிடைக்கும். சட்டையோ பாவாடையோ, அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த எல்லாத் துணியும் அப்படித்தான் வெட்டப்பட்டது. அண்ணி மடித்துப் பிடித்தாள், வில்லு வெட்டினாள். இரண்டு பேருக்கும் சந்தேகமே வரவில்லை.

தைத்து முடித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணி பின்னால் நின்று கயிற்றை இழுத்துக் கட்டினாள். வலது விலா எலும்பின் மேல் பட்டை ஏறி உட்கார்ந்தது. இடது இடுப்பில் கித்தான் தோலைத் தேய்த்தது. மூச்சு பாதியில் நின்றது. ஆனால் கண்ணாடியில் தெரிந்தவள் நேராக நின்றாள். அப்படி ஒருத்தியை வில்லு அதுவரை பார்த்ததில்லை.

கால் மணி நேரத்தில் உதடு வெளுத்துவிட்டது. அண்ணி அவசரமாகக் கயிற்றைத் தளர்த்தினாள். விலாவில் கன்றியிருந்த தடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க கூடமே கோணல்தானே. உன் உடம்ப மடிச்சா வெட்டியிருக்கு? நம்ம ரெண்டு பேரு புத்தியையும் செருப்பால அடிக்கணும்."

மறுபடி தொடங்கினார்கள். வில்லுவின் மெல்லிய பனியன்மேல் செய்தித்தாள் கிழிசல்களைப் பசைபோட்டு ஒட்டி, காயவிட்டு, பனியனோடு கத்தரித்து எடுத்தாள் அண்ணி. அதைத் துண்டுதுண்டாக வெட்டி விரித்தால் பன்னிரண்டு துண்டு. ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை. இடம் எது வலம் எது என்று ஒவ்வொன்றிலும் எழுதி வைத்தார்கள். மிச்சமிருந்த பட்டைகளும் இதிலேயே தீர்ந்தன.

இரண்டாவதைப் போட்ட அன்று, இடுப்பிலிருந்து தோள்வரை எப்போதும் எரிந்துகொண்டிருந்த ஒன்று அணைந்தது. வில்லு முழு மூச்சு விட்டாள். எட்டு மணி நேரம் என்ன, பத்து மணி நேரம்கூட நிற்கலாம் போலிருந்தது. ஆனால் கண்ணாடியில் தோள் தோளாகவும் இடுப்பு இடுப்பாகவும் பழையபடி கோணியே நின்றன. அந்தக் கார்செட் அவளைத் தாங்கியது, நிமிர்த்தவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லிப் பாரு. இதப் போட்டா நிக்க முடியும்னு சொல்லு" என்றாள் அண்ணி.

"அவரு நிக்கிறதப் பாக்கமாட்டாரு அண்ணி. முதுகப் பாப்பாரு."

சோதனை நாளன்று காலையில் அவள் முதலாவதை எடுத்துக் கொடுத்தாள். அண்ணி கயிற்றை இழுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் சட்டைக்கு மேலேயே பார்த்தார். ஒவ்வொருத்திக்கும் அரை நிமிடம். வரிசையாகத் திரும்பச் சொன்னார், தாளில் குறித்தார், போய்விட்டார். சூப்பர்வைசர் மட்டும் அவளை இரண்டு முறை சுற்றிவந்தார். "நாய் வாலு நிமிராதும்பாங்க. இவ நிமிந்துட்டாளே" என்றார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்புக்கு மூச்சு போதவில்லை.

ஒரு நாளைக்கென்று போட்டதுதான். ஆனால் நிமிர்ந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மறுநாள் வளைந்து போய் நிற்க முடியுமா? கயிற்றை ஒரு விரல் அளவு தளர்த்தி, தினமும் அதையே போட்டுக்கொண்டு போனாள். அவளை வாசல் பக்கத்து முதல் மேசைக்கு மாற்றினார்கள். ஆய்வுக்கு வருபவர்கள் கண்ணில் முதலில் படும் மேசை அது.

இரண்டாவதை, அந்த நல்ல கார்செட்டை, வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். வீட்டுக்கு வந்தால், அவிழ்த்த உடம்பில் எதுவும் படக்கூடாது என்றிருந்தது. விலாவில் சீழ் வைத்தது. அண்ணி வெந்நீரில் துடைத்து, பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினாள். நல்ல கார்செட் பெட்டிக்குள் மடித்தபடியே கிடந்தது.

மூன்றாம் மாதம், போட்டுக்கொண்டிருந்த கார்செட்டில் வலது பக்கத்துப் பட்டை ஒன்று முறிந்தது. உடம்பு முட்டித் தள்ளும் அதே இடத்தில். மாற்றிப்போட வேறு எடுக்கலாம் என்று சரக்கு இறக்கும் இடத்துக்குப் போனாள். பொதிகள் இப்போது பிளாஸ்டிக் நாடா கட்டி வந்தன. இரும்புப் பட்டை வருவது நின்று ஒரு மாதமாயிற்று என்றார்கள்.

அன்று சாயங்காலம் அவள் பெட்டியைத் திறந்து நல்ல கார்செட்டை மடியில் விரித்தாள். பிளேடை எடுத்து ஒரு தையலைப் பிரித்தாள். வீட்டுக்கு எடுத்துவந்த காலர்களுக்குப் பொத்தான் துளை குறித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தாள்.

"அத ஏன்டி பிரிக்கிற?"

"ஒரு பட்டைதான் அண்ணி."

அண்ணி எழுந்து வந்தாள். பிளேடைப் பிடுங்கப்போகிறாள் என்று வில்லு கையை இறுக்கினாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, கித்தானின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள், துணி நெளியாமல் தையல் ஒழுங்காகப் பிரியும்படி.

"எல்லாத்தையும் எடுத்து வச்சுக்க" என்றாள். "நீ போட்டுட்டுப் போறதுல இன்னும் பதினஞ்சு பட்ட முறிய பாக்கி இருக்கு."