அஞ்சலையின் கை வேகம்

மலேசியாவில், தங்காக் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அஞ்சலையைப் போலப் புல் வெட்ட ஆளில்லை. அவள் பிறவியிலேயே அவசரக்காரி; லாலான் புல்லுக்கு அந்த அவசரம் பொருந்தியது. கங்காணி வீராசாமி மகிழ்ந்துபோய், கூலி அதிகமுள்ள பால்வெட்டுக்கு அவளை மாற்றினார். அதுதான் தப்பு.

ரப்பர் மரத்தில் பால் இருப்பது பட்டையில். பட்டையைத் தாண்டி உளி இறங்கினால் மரம் காயப்படும். காயம் ஆறும்போது முண்டு முண்டாக வீங்கும். பிறகு அந்த இடத்தில் சீராக வெட்டவே முடியாது. ஆகவே பால்வெட்டுக்கு நிதானமான கை வேண்டும். அஞ்சலையின் கையோ ஓடியது. மரமெல்லாம் காயம்.

மறுவாரம் விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, எல்லார் முன்னாலும் கங்காணி கத்தினார்.

"பொறுப்பில்லாத கழுதை! இனிமே புல்லுக்குப் போ. அதான் உனக்குத் தண்டனை."

அஞ்சலைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"புல்லு வெட்டுறப்ப புலின்னீங்க. இப்பக் கழுதையா? கை அதே கைதானே, கங்காணி?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"வாயை மூடு!"

"உளி வேணும்னு நான் கேட்டேனா? நீங்களாக் குடுத்தீங்க. கூலி கொறைஞ்சாக் கொறையட்டும். பொறுப்பில்லைன்னு சொன்னது தப்புன்னு இங்கேயே சொல்லுங்க. அதுவரைக்கும் நகர மாட்டேன்."

சொன்னபடியே உட்கார்ந்துவிட்டாள். பால்வெட்டுக்காரர்களும் நகராமல் நின்றார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓடாது. வானம் வெளுக்க வெளுக்கக் கங்காணியின் முகம் கறுத்தது. கடைசியில் தொண்டையைக் கனைத்தார்.

"பொறுப்பு இருக்கு. வேகந்தான் அதிகம். என் தப்புதான், எந்திரி."