இறங்கிப்போன ஊசி

எங்கள் சாஜிங் தொழில்நகரில் பாதி வீடுகளில் மின்சிகரெட் தொழிலை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. நியெ சோங்வெய் வீடும் அப்படித்தான். எங்கள் தொழிற்சாலையில் அவன் வடிவமைப்பு எஞ்சினியர். என் மேசைக்கு எதிர் மேசை. பேட்டரியின் தலையில் எண்ணெய்க் குப்பியைத் திருகி மாட்டுகிற இடம்தான் அவன் பொறுப்பு. விரல் நுனியளவு இடம், ஆனால் வம்பெல்லாம் அங்கேதான். அந்தக் குழிக்குள் நடுவில் ஓர் ஊசி நிற்கும். குப்பியின் அடி அதைத் தொட்டால் மின்சாரம் பாய்ந்து எண்ணெய் சூடேறி ஆவி வரும். மயிரிழை விலகினாலும் எதுவும் வராது.

அவனுடைய மாமனார் சியூ கென்ஃபா, ஜியாங்சி மாகாணத்தில் ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுவிட ஆள் வேண்டுமென்று மகள் லிங்யூ வரவழைத்திருந்தாள். வந்த நாள் முதல் தகப்பனுக்கும் மகளுக்கும் சிகரெட் சண்டை. "குழந்தை இருக்கிற வீடுப்பா இது, ரயில்வே ஸ்டேஷன் இல்ல" என்பாள் அவள். "அப்போ என்னை அடுத்த ரயில்ல ஏத்தி விடு" என்பார் அவர்.

சோங்வெய் புது மாடல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். மாமனாரை அவனும் அப்பா என்றுதான் அழைப்பான். "அப்பா, இதுல புகை இல்ல, ஆவிதான். நானே வரைஞ்சது. ஒண்ணே ஒண்ணு, குப்பியை ரொம்ப இறுக்கித் திருகாதீங்க. இறுக்கினா ஊசி உள்ளே போயிடும்."

கிழவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரே வாரத்தில் சிகரெட்டை விட்டார். லிங்யூவுக்கே நம்ப முடியவில்லை. பூங்காவில் ஆலமரத்தடியில் சதுரங்கம் ஆடுகிற கூட்டத்தில் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் மாப்பிள்ளை செஞ்சது. உங்க மருமகனுங்க என்ன செய்யறானுங்க? செல்போனைத் தேய்க்கறானுங்க" என்று எல்லோரிடமும் காட்டினார்.

அந்த மாடலில் சோங்வெய் வெளியே சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. ஊசிக்கு அடியில் அதைத் தூக்கிப் பிடிக்கிற சிறு ஸ்பிரிங் ஒன்று உண்டு. மின்சாரமும் அதன் வழியாகவே போகும். அவன் வரைந்தபோது அது வெண்கலக் கம்பி. வெண்கலம் மின்சாரத்தைத் தடுக்காமல் விடும், சூடேறாது. உற்பத்தி தொடங்கும் நேரத்தில் வெண்கல ஸ்பிரிங் கொடுக்கிற பட்டறை கையை விரித்துவிட்டது. முதலாளி காவ், கிடங்கில் கிடந்த எஃகு ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டினார். "அளவு அதேதான். நீளம் அதேதான். ஸ்பிரிங்னா ஸ்பிரிங்தானே, நியெ? கப்பல் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்காது."

எஃகு தடுக்கும், சூடேறும் என்பது அவனுக்குத் தெரியும். சூடேறினால் ஸ்பிரிங் துவளும், ஊசியைச் சுற்றியிருக்கிற வெள்ளை பிளாஸ்டிக் வளையம் இளகும், ஊசி மெல்ல மெல்லக் கீழே இறங்கும். சோதனைத் தட்டில் சில ஊசிகள் இறங்கியும் இருந்தன. அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். சோதனை செய்கிற பெண் இறுக்கித் திருகியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒதுக்கி வைத்துவிட்டு, சரக்கு சரி என்று கையெழுத்துப் போட்டான்.

சரக்குப் போன பிறகு புகார்கள் வந்தன. விளக்கு மினுக்குகிறது, ஆவி வரவில்லை, சில நாள் வேலை செய்து நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் சோங்வெய் ஒரே பதிலைத் தயார் செய்தான்: பயன்படுத்துகிறவர் குப்பியை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார். முதலாளிக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. "பாரு, தப்பு அவங்க கையில. நம்ம கை சுத்தம்" என்று சிரித்தார்.

சிரிக்காதவர், சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் ஒருவர்தான். திரைவழிப் பேச்சில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்: "இத்தனை பேருமா இறுக்குவாங்க?" அன்று நானும் அந்த அறையில் இருந்தேன். சோங்வெய் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான்: "என் மாமனார் தினமும் இதைத்தான் பயன்படுத்தறார். வயசானவர். முதல் நாள்லேர்ந்து ஒரு கோளாறும் இல்ல. சாயந்திரம் அவர் பால்கனியில அதை வாயில வெச்சுக்கிட்டு நிக்கறதை நானே பாக்கறேன்."

அது பொய் இல்லை. தினமும் அவர் அப்படித்தான் நின்றார். உள்ளேயிருந்து அவர் முதுகுப்பக்கமாக அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் நெஞ்சு சற்று லேசாகும். தன் வீட்டிலேயே ஓடுகிறதே, பிறகென்ன என்று நினைத்துக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிங்யூ மீன்தலைக் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, "அப்பாவைக் கூட்டிட்டு வாங்க, சூடு ஆறிடும்" என்று அனுப்பினாள். சோங்வெய் பூங்காவுக்குப் போனான். சதுரங்கப் பலகையைச் சுற்றிக் கூட்டம். கிழவர் பலகையைக் குனிந்து பார்த்தபடி, அந்தக் கருவியை உதட்டில் வைத்து ஆழமாக இழுத்து, வானத்தைப் பார்த்து ஊதினார். எதுவும் வரவில்லை.

எதிரே ஆடிக்கொண்டிருந்த சாவோஷான் ஊர்க்காரர் லின் தொடையில் அடித்துக்கொண்டார். "யோவ் சியூ! இன்னிக்கும் மழை இல்லாத மேகமா? மாப்பிள்ளை வந்திருக்காரு, அவரையே கேட்டுடுவோம். தம்பி, இது என்ன மாடல்? உங்க மாமனார் சொல்றாரு, புகையே வராத புது மாடலாம்!"

"ஆமா, எங்களுக்கும் ஒண்ணு குடுங்க தம்பி. என் பொண்டாட்டிக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். லின் சட்டென்று கையை நீட்டிக் கருவியைப் பறித்து, பட்டனை அழுத்திக் காட்டினார். விளக்கு மூன்று முறை மினுக்கி அணைந்தது.

கிழவரின் முகம் கழுத்துவரை சிவந்தது. எழுந்து நின்றார். மாப்பிள்ளையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"நான்தான் கெடுத்தேன், சோங்வெய். நீ இறுக்காதீங்கன்னு சொன்னே. நான் சாமான் தேய்ச்ச கை, எதைப் பிடிச்சாலும் இறுக்கிடுது. நீ குடுத்த மாசமே நின்னுபோச்சு. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்தது."

"மாட்டுக்கை!" என்றார் லின். "மாட்டுக்கையில பூ குடுத்தா இப்படித்தான்!"

சிரிப்பு மரத்தடி முழுக்கப் பரவியது. கிழவரும் சேர்ந்து சிரித்தார், கையை விரித்துக் காட்டி, "மாட்டுக்கைதான், மாட்டுக்கைதான்" என்றார்.

அந்த இடத்தில் சோங்வெய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அத்தனை பேர் எதிரே, என் மாப்பிள்ளை செஞ்சது என்று அவர் சொல்லிவைத்த அத்தனை பேர் எதிரே, அவன் வாயை மூடிக்கொண்டான். அது மட்டுமில்லை; லேசாகச் சிரிக்கவும் செய்தான். பின்னால் என்னிடம் இதைச் சொன்னபோது, அந்தச் சிரிப்பைச் சொல்லத்தான் அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. காண்டீனில் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது கிழவர் அவன் சட்டைக் கையைப் பிடித்தார். "லிங்யூகிட்ட சொல்லாதே. மறுபடி சிகரெட் ஆரம்பிச்சுட்டேன். சந்தைக்குப் பின்னாடி நின்னு ஊதிட்டு, வாயைக் கொப்புளிச்சுட்டுத்தான் வர்றேன். பால்கனியில இதை வெச்சுக்கிட்டு நிக்கறது, நீ பாக்கணும்னுதான். ஆசையா குடுத்தே. பாழாக்கிட்டேன்னு தெரிஞ்சா உனக்கு மனசு கஷ்டப்படும்."

சோங்வெய், "சரிப்பா" என்றான். 

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் படுத்திருந்த வேளையில் அவன் கருவியைப் பிரித்தான். இறுக்கியிருந்தால் குப்பி திருகுகிற மரையில் தேய்வு இருக்கும். மரை புத்தம்புதிதாக இருந்தது. கிழவர் எவ்வளவு மெதுவாகத் திருகியிருக்கிறார் என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. வெள்ளை வளையம் இளகி ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. எஃகு ஸ்பிரிங் கறுத்து, அமுங்கினால் மீளாமல் கிடந்தது. ஊசி அதற்குள் மூழ்கியிருந்தது. சோதனைத் தட்டில் பார்த்த அதே கோலம். மேசையில் அந்தத் துண்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, யாரோ தன்னைத் திட்டிக்கொண்டிருப்பதைக் கேட்பதுபோலத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை காலை நேராக முதலாளி அறைக்குப் போனான். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கெல்லாம் கேட்டது.

"முதலாளி, இறுக்கினதால இல்ல. ஸ்பிரிங்தான். எஃகு போட்டதுதான் தப்பு. எனக்கு அப்பவே தெரியும்."

"அடப்பாவி, மெதுவாப் பேசு! உன் மாமனார் கிட்ட ஓடுதுன்னு நீதானே சாட்சி சொன்னே?"

"அவருடையதும் செத்துப்போச்சு. செத்ததை வாயில வெச்சுக்கிட்டு நின்னிருக்கார்."

"எதுக்கு?"

"என் முகத்துக்காக."

 காவ் கத்தினார். கப்பல் ஏறிய சரக்கைத் திரும்ப அழைப்பதென்றால் என்னவென்று தெரியுமா என்றார். உன் மாமனாரின் வாய்க்காக என் கம்பெனியை மூடட்டுமா என்றார். சோங்வெய் அசையவில்லை. "நான் எழுதின பதிலை நானே திருத்தி எழுதறேன். நீங்க விடலேன்னாலும் எழுதுவேன்" என்றான். எழுதினான். அந்தச் சரக்கு கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. பெரிய ஆர்டர் போயிற்று, கம்பெனி தப்பியது. அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. வடிவமைப்பிலிருந்து எடுத்துச் சோதனை மேசையில் உட்கார வைத்தார்கள், முன்பு தான் மனத்துக்குள் பழி போட்ட அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே. முதல் நாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்க வேண்டியிருந்தது, அது இன்னும் கொடுமை.

பூங்கா மிச்சமிருந்தது. அடுத்த விடுமுறையில் போனான். லின்னும் கிழவரும் ஆட்டத்தின் நடுவில் இருந்தார்கள்.

"லின் மாமா, எல்லாரும் கேளுங்க. அது எங்கப்பா கையால கெடல. மட்டமான கம்பியைப் போட்டேன், சூடேறி ஊசி இறங்கிடுச்சு. பழியை இறுக்கறவங்க மேல போட்டேன். அன்னிக்கு நீங்க சிரிச்சப்போ எனக்குத் தெரியும். பேசாம நின்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. லின் கையிலிருந்த குதிரைக்காயை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கிழவர் விருட்டென்று எழுந்து நடக்கத் தொடங்கினார். சோங்வெய் பின்னாலேயே ஓடினான்.

"யாரு உன்னைக் கேட்டா?" கிழவர் திரும்பிச் சீறினார். "மாட்டுக்கைன்னா சொல்லிட்டுப் போறாங்க, எனக்கென்ன போச்சு? இப்போ என் மாப்பிள்ளையைப் பத்தில்ல பேசுவாங்க! நான் இனி எந்த முகத்தோட அங்கே போய் உக்காருவேன்?"

"தப்பு என்னோடதுப்பா."

"தெரியுது! வீட்டுல வந்து எங்கிட்ட சொல்றதுக்கென்ன? அங்கே மேடை போட்டுச் சொல்லணுமா? மானம் உன்னுடையது மட்டுமா?"

 சரியானதைச் செய்துவிட்டோம் என்று சோங்வெய் மனத்தில் சற்று முன் எழுந்த சின்ன நிம்மதியும் போயிற்று. தன் பாரத்தையும் இவர் தலையில்தானே இறக்கி வைத்தோம் என்று கூசிப்போனான்.

ஒரு மாதம்போலக் கிழவர் பூங்காப் பக்கம் போகவில்லை. வெண்கல ஸ்பிரிங் போட்ட புதிய கருவி ஒன்றைச் சோங்வெய் கொண்டுவந்து வைத்தான். அவர் அதைத் தொடவில்லை. லிங்யூவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. அவளும் சண்டை போடவில்லை. அப்பாவுக்கும் புருஷனுக்கும் நடுவில் தட்டுகளை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் சாப்பிடும்போது கிழவர் கேட்டார், குரலில் கோபம் இல்லாமல்.

"அந்த வெளிநாட்டுல வாங்கினவங்க எல்லாருக்கும் அதே பதிலைத்தான் அனுப்பினியா? அவங்க இறுக்கினதாலதான் கெட்டுப்போச்சுன்னு?"

"ஆமாப்பா."

"இப்போ?"

"திருத்தி எழுதியாச்சு. வாங்கின கம்பெனிக்கு எழுதினேன். அவங்க வாங்கினவங்களுக்குச் சொல்லியிருப்பாங்க."

"எல்லாருக்கும் போய்ச் சேந்திருக்குமா?"

சோங்வெய் சாப்பாட்டுக் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தான். "தெரியலப்பா" என்றான்.

கிழவர் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி எத்தனை நாள் இந்தக் கையைத் திட்டியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, மீன் துண்டு ஒன்றை எடுத்து மாப்பிள்ளையின் சோற்றின் மேல் வைத்தார். "சாப்பிடு. ஆறிப்போகுது."

அவன் சாப்பிட்டான்.