பாண் வாங்கப் போனவர்

கீழே ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாடி அறையில் றிக்சன் கணினியில் எடிட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தான்.

மீன்பிடிப் படகுக்காரர் ஐஸுக்குச் சொல்லிவைக்கும் செயலி அது. கலியாணம் கட்டிய வருடம் அவனும் சுதர்ஷிகாவும் தொடங்கியது. அவள் செத்து எட்டு மாதம். இப்போது கொழும்புக் கம்பனி ஒன்று அதை வாங்குகிறது. நிரலில் செய்த பழைய திருத்தப் பதிவுகளையெல்லாம் ஒரே பதிவாக்கி, பழையதை அழித்துவிட்டுத் தரச் சொல்லியிருந்தார்கள்.

நிரலில் ஒவ்வொரு திருத்தத்தையும் பதியும்போது, என்ன செய்தோமென்று ஒரு வரி எழுதவேண்டும். அந்த வரிகளையெல்லாம் எடிட்டர் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. அவற்றுக்குப் பதில் புதிதாக ஒரு வரி எழுதிச் சேமித்தால் வேலை முடிந்தது.

அவன் வாசித்தான்.

"படகின்ர பேர் நீளமெண்டால் பட்டன் ஒளிச்சுப்போகுது. பிடிச்சிட்டன்."

"றிக்சன் உடைச்சதை நான் ஒட்டினனான்."

"பாண் வாங்கப் போனவரை இன்னும் காணேல்லை. தேடல் பெட்டி முடிஞ்சுது."

அன்று அவன் இறங்குதுறையில் ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். பேக்கரியில் சூடாக வாங்கிய பாண் ஆறிப்போனது. அவள் கோபிக்கவில்லை. எழுதிவைத்தாள். வரிக்கு மேலே அவள் பெயர், நாள், நேரம்.

கைபேசி அடித்தது. கிண்ணியாவிலிருந்து கூட்டாளி நிப்றாஸ்.

"மச்சான், முடிஞ்சா? நாலு மணிக்கு அவங்க பாப்பாங்க."

"பொறு."

புதிதில் இந்த எடிட்டரிலிருந்து வெளியேறத் தெரியாமல் அவன் கணினியையே நிறுத்தியிருக்கிறான். அன்று சுதர்ஷிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பதிய விருப்பமில்லையெண்டால் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுச் சேமியுங்கோ. வெறுமையாக் கிடந்தால் அது பதியாது. உங்களைப் போல வாய் திறக்காத ஆக்களுக்கெண்டே வச்ச வழி."

அவன் முதல் வரியில் நின்று அழிக்கத் தொடங்கினான். பட்டன் போனது. உடைத்ததும் ஒட்டியதும் போயின. பாணில் விரல் ஒருகணம் தயங்கியது. அதையும் அழித்தான். வெற்றுத் திரையைச் சேமித்து மூடினான்.

செய்தி எதுவும் இல்லாததால் புதிய பதிவைக் கைவிட்டதாகத் திரையில் ஒரு வரி வந்தது.

பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தான். எல்லாம் அப்படியே கிடந்தன. பாண் வாங்கப் போனவர் இன்னும் வரவில்லை.

"நிப்றாஸ், பழசோடயே குடுப்பம்."

"டேய், அவங்க வாசிச்சிச் சிரிப்பாங்கடா."

"சிரிக்கட்டும். வேண்டாமெண்டால் விக்கமாட்டம்."



"நான் ஒரு சட்டி வட்டலப்பம் கொண்டந்த நாள் ஒண்டு எழுதினாவே. அதுவும் இரிக்கா?"

றிக்சன் தேடினான்.

"ஓம். 'நிப்றாஸ் வட்டலப்பத்தோட வந்தவர். இண்டைக்கு ஒருத்தரும் வேலை செய்யேல்லை.'"

"அப்ப சரி," என்றான் நிப்றாஸ். "நான் அவங்களோட கதைக்கிறன்."