துடைக்காத கஞ்சி

கஞ்சி சிந்துவதெல்லாம் ஒரு குற்றமா? நோன்பு மாதத்தில் தேக்கா பக்கத்து அடுக்குமாடி பிளாக்குகளில் கஞ்சி சிந்தாத தாழ்வாரம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்! பள்ளிவாசல் வரிசையில் நின்று வாங்கிய தூக்குச்சட்டியோடு லிஃப்டில் இடிபட்டு ஏறினால் நாலு சொட்டு விழத்தான் செய்யும். போன வருஷமும் மைமூன் சிந்தினாள். "என் பங்கைத் தரைக்கு ஊத்திட்டியா?" என்று பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவப் பெண் பெட்டி அக்கா கேலி செய்தாள். அதோடு சரி.

இந்த வருஷம் அதே தாழ்வாரம், அதே கஞ்சி. அக்கா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

நடந்தது இதுதான். தூக்கின் மூடி சரியாக உட்காரவில்லை. மைமூன் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அக்கா வாசலுக்கு எதிரே உள்ளங்கை அகலத்துக்குக் கஞ்சி கொட்டிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ரேடியோவில் பாங்கு. நேரத்தோடு நோன்பு திறப்பதுதானே நன்மை! ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், உடனே வந்து துடைத்துவிடலாம் என்று உள்ளே ஓடினாள். பழத்தை மென்று முடிப்பதற்குள் வெளியே அக்காவின் அலறல் கேட்டது.

அன்றிலிருந்து மைமூனிடம் பிளாக்கில் ஒருத்தர்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிர்வீட்டு கதிரேசன் லிஃப்டில் வைத்து, "கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா?" என்று கேட்டார். யாரு? போன வாரம் மீன் கழுவிய தண்ணீரை இதே தாழ்வாரத்தில் வழியவிட்ட மகராசன்! அதில் யாரும் வழுக்கி விழவில்லை, அதனால் அவர் யோக்கியர்.  

அக்காவின் மகன் ஜோனத்தன், தனியாகக் குடியிருக்கும் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வந்தவன், நேராகவே சொல்லிவிட்டான். "ஆன்ட்டி, கீழ சிந்துனத பாத்துட்டுச் சும்மா விட்டிருந்தீங்கன்னா நான் லாயரப் பாக்கத்தான் போறேன்."

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் அவள் கணவர் ஜமால் முகம்மது வியாபாரத்தில் எதற்கும் அசராதவர், கோர்ட்டு என்றதும் ஆடிப்போனார். மகள் இன்ஷா சட்டம் இரண்டாம் வருஷம். அவள் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விளக்கினாள்.

"உம்மா, பக்கத்துல இருக்கவங்களுக்கு அடிபடாம பாத்துக்கிற கடமை நமக்கு இருக்கு. அத மீறுனோமா, அதனாலதான் அடிபட்டுச்சா, இதத்தான் கோர்ட் கேக்கும். நீங்க நல்லவங்களா கெட்டவங்களான்னு கேக்காது."

"அக்கா கேப்பாளே."

"அவங்க கேட்டா, கவனிக்கலன்னு சொல்லுங்க. பாத்துட்டு விட்டது பெரிய தப்பு. மன்னிப்புன்னு எதையும் வாயில எடுக்காதீங்க, ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"இன்ஷா சொல்றபடி கேளு" என்றார் ஜமால். "படிச்ச புள்ள."

இன்ஷாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் முழுக்க மைமூன் அந்த ஒரு சொல்லையே மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். கவனிக்கல. கவனிக்கல. இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து வீடு. இன்ஷா பிறந்தபோது பிள்ளைக்கு முதல் குளிப்பாட்டு பெட்டி அக்கா கைதான். அவளிடம் போய் இதைச் சொல்ல வேண்டும்.

அக்கா பாதியாய் இளைத்திருந்தாள். ஜோனத்தன் ஜன்னலோரம் கைகட்டி நின்றான்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்றாள் அக்கா. சிரிக்கத்தான் பார்த்தாள், வலி விடவில்லை. "ஏன் மைமூன், கீழ சிந்துனத நீ பாக்கலையா?"

இன்ஷா உம்மாவின் முழங்கையைத் தொட்டாள்.

"இல்லக்கா" என்றாள் மைமூன். "நான் கவனிக்கல."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, சமையல் விவரம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"நான் ஜன்னல்ல நின்னேன். நீ திரும்பிப் பாத்த. பாங்கு சொன்னதும் உள்ள ஓடுன. நாள் முழுக்கப் பட்டினி, நிம்மதியா ரெண்டு வாய் சாப்பிடட்டும்னு நான்தான் துணிய எடுத்துக்கிட்டுத் துடைக்க வந்தேன்."

 அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "போயிட்டு வா. எனக்கு அசதியா இருக்கு."

லிஃப்டுக்கு வரும் வரை இன்ஷா அடக்கிக்கொண்டுதான் வந்தாள், பிறகு முடியவில்லை. "உம்மா, கேட்டீங்களா? அவங்க பாத்திருக்காங்க! வழுக்கும்னு தெரிஞ்சே கால வச்சா, பாதிப் பொறுப்பு அவங்க மேலயும் விழும். ஜோனத்தன் முன்னாடியே சொல்லிட்டாங்க. நம்ம சைடு ஸ்ட்ராங்!" அதே மூச்சில் வாப்பாவுக்குப் போன் போட்டாள். போனுக்குள் ஜமால் "அல்ஹம்துலில்லாஹ்" என்றது மைமூனுக்கும் கேட்டது.

பெற்ற மகளை அப்படியே ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. பிள்ளையைச் சொல்லி என்ன? பொய் தன் வாயில்தானே வந்தது! லிஃப்ட் திறந்தது. மைமூன் ஏறவில்லை.

"உம்மா, எங்க போறீங்க? உம்மா!"

அவள் வேகுவேகென்று வார்டுக்குள் நடந்தாள். ஜோனத்தன் நிமிர்ந்து பார்த்தான். அவன் பார்க்கிறான் என்று தெரிந்தே, அவன் காதில் விழும்படியே சொன்னாள்.

"நான் பாத்தேன்க்கா. பாத்துட்டுத்தான் போனேன். என்னய மன்னிச்சிருங்க."

அக்கா மெல்லத் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"பாத்தது எனக்குத் தெரியும்டி. நீ துடைக்காமப் போனதுக்கு எனக்குக் கோபமே இல்ல. என்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

"பயந்துட்டேன்க்கா."

"யாரப் பாத்து? என்னையப் பாத்தா?"